மிஷினுக்கு முன்னால வாயைப் பாருங்க

சோபா கிளீனிங் தொழிலுக்குப் புதிதாக வருகிற தம்பிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, எந்த மிஷின் வாங்கலாமுங்க?" என்பதுதான். மோட்டார் எத்தனை வாட், டேங்க் எத்தனை லிட்டர், எந்த நாட்டுச் சரக்கு என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஹோஸின் கடைசியில், கையில் பிடித்துத் துணி மேல் தண்ணீரை அடித்து, அழுக்கோடு திரும்ப உறிஞ்சுகிற அந்த நாலு அங்குல டூலைப் பற்றி ஒருத்தரும் கேட்பதில்லை. அது மிஷினோடு டப்பாவில் வருகிற சாமான் என்று நினைப்பு. எங்கள் ஊர்ப்பக்கம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போனால் கொம்பையும் திமிலையும் எல்லோரும் பார்ப்பார்கள். விவரம் தெரிந்தவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். நானும் மிஷினை அப்படித்தான் பார்க்கிறேன்.

கோயம்புத்தூரில்தான் எனக்கு வேலை. வீட்டு சோபா, சாப்பாட்டு மேஜை நாற்காலி, மெத்தை, சரவணம்பட்டிப் பக்கம் ஐடி ஆபீஸ்களின் கார்ப்பெட் டைல், முகூர்த்த சீசன் முடிந்ததும் கல்யாண மண்டபத்து நாற்காலிகள், எப்போதாவது தியேட்டர் சீட். மிஷின் பழையதுதான். பணத்தை டூலில் போட்டிருக்கிறேன்.

துணி மேல் தண்ணீர் அடிப்பது பெரிய வித்தை இல்லை. ரோஜாச் செடிக்கு அடிக்கிற பம்ப் ஸ்பிரேயர்கூட அதைச் செய்யும். அடித்த தண்ணீரை எவ்வளவு திரும்ப அள்ளுகிறது என்பதில்தான் டூலுக்கு டூல் வித்தியாசம். சோபாத் துணிக்குக் கீழே இருப்பது ஸ்பாஞ்ச். அது குடிக்கக் கூச்சப்படாது. துணியைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் அங்கேயே கிடக்கும். மேல் துணி காயக் காய, அழுக்கையும் சோப்பையும் தூக்கிக்கொண்டு மெதுவாக மேலே வரும். தண்ணீர் ஆவியாகிவிடும், தூக்கி வந்தது துணியின் நுனியில் நின்றுவிடும். சாயங்காலம் பளிச்சென்று இருந்த சீட்டில் மறுநாள் காலை காப்பி நிறத்தில் வட்டம் தெரிகிறது என்று போன் வருவது இதனால்தான். காப்பிக்கறை 'திரும்ப வந்துடுச்சு' என்பார்கள். அது எங்கேயும் போகவில்லை, கீழே இறங்கி உட்கார்ந்திருந்தது. மூன்று நாள் கழித்து ஈர நாற்றம் அடித்தாலும் காரணம் இதுவேதான்.

அதனால் ஒரு டூலைச் சோதிக்க என் வழி எடை மிஷின். பழைய குஷன் ஒன்றைக் காய்ந்த நிலையில் நிறுத்து எழுதிக்கொள்வேன். அளந்த தண்ணீரை அந்த டூலாலேயே அடித்து, தண்ணீர் அடித்தபடி ஒரு ஈர இழுப்பு, அடிக்காமல் மூன்று உலர் இழுப்பு என்று ஒரே கணக்கில் இழுத்துவிட்டு மறுபடி நிறுப்பேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. கூடின எடைதான் டூல் உள்ளே விட்டுவிட்டு வந்த தண்ணீர். ஒரே மிஷின், ஒரே ஹோஸ், ஒரே குஷன்; டூலை மட்டும் மாற்றினால் மிச்ச ஈரம் பாதியாகக் குறைவதையும் பார்த்திருக்கிறேன், இரட்டிப்பாவதையும் பார்த்திருக்கிறேன். வாட் கணக்குப் பேசுகிறவர்கள் இதை ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும்.

காரணம் எளிது. மோட்டார் இழுக்கிற காற்று ஒரு அளவு. அந்தக் காற்று எவ்வளவு குறுகலான வழியாக நுழைகிறதோ அவ்வளவு வேகம் கூடும். வேகமான காற்றுதான் நூலிழைக்குள் ஒட்டியிருக்கிற தண்ணீரைப் பிடுங்கிக்கொண்டு வரும். நம் ஊரில் அதிகம் புழங்குகிற கார்ச்சர் கம்பெனியின் புட்ஸி 10/1 மிஷினை எடுத்துக்கொள்ளுங்கள். தரைக்கான நாஸில், அதாவது டூலின் வாய், 240 மில்லிமீட்டர் அகலம், சோபாவுக்கான நாஸில் 110. மோட்டார் ஒன்றுதான். தரை நாஸிலைப் போட்டால் பாதி நேரத்தில் முடித்துவிடலாம் என்று சோபாவின் சீட்டில் அதை இழுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், சோபா சீக்கிரம் காயாது.

ஆனால் குறுக்கிக்கொண்டே போனாலும் ஆகாது. வாய் துணியோடு முழுசாக ஒட்டி அடைத்துக்கொண்டால் உறிஞ்சும் சத்தம் மாறும், மோட்டார் முனகும், ஆனால் காற்று ஓடாது. காற்று ஓடாவிட்டால் தண்ணீரும் வராது. நெருக்கமாக நெய்த ஸ்வேட் மாதிரித் துணிகளில் இது அடிக்கடி நடக்கும். அதற்காகத்தான் நல்ல டூல்களில் கைப்பிடி பக்கத்தில் நகர்த்தி மூடித் திறக்கிற சின்னத் துளை வைத்திருப்பார்கள். இறுக்கமான துணி என்றால் கொஞ்சம் திறந்துகொள்ளலாம், டூல் ஒட்டாமல் நழுவும். மெல்லிய திரைச்சீலைக்கு அந்தத் துளை இல்லாத டூலைக் கொண்டுபோனால் சீலையே வாய்க்குள் போய்விடும்.

அடுத்தது உதடு. துணியைத் தொடுகிற அந்த இரண்டு விளிம்புகள். கடையில் டூலைக் கையில் வாங்கியதும் நான் செய்வது, பையில் வைத்திருக்கும் பழைய நைலான் துப்பட்டாவை விரித்து, அதன்மேல் உதட்டை முன்னும் பின்னும் நாலு தடவை இழுப்பது. எங்கேயாவது நூல் மாட்டினால் அங்கே பிசிறு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, விரலுக்கும் தெரியாது, துப்பட்டாவுக்குத் தெரியும். வாடிக்கையாளரின் செனில் சோபாவில் நூலைப் பிடித்து இழுத்தால் அதைத் திரும்ப உள்ளே அனுப்ப எந்தக் கெமிக்கலும் கிடையாது.

பிசிறு இருந்தால் டூலே வேண்டாம் என்பதில்லை. கோயம்புத்தூரில் இருப்பதன் வசதி இங்கேதான். கணபதி, பீளமேடு, சிட்கோ என்று எந்தப் பக்கம் போனாலும் லேத்துப் பட்டறையும் பஃபிங் பட்டறையும் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் உதடு என்றால் பஃபிங் சக்கரத்தில் ஒரு நிமிஷ வேலை. பம்ப் பாகங்களுக்கு நடுவில் என் டூலையும் வாங்கிப் பார்த்த மேஸ்திரி, "இது என்ன சாமானுங்க, மீன் வாயாட்டம்?" என்று கேட்டுவிட்டு, மெருகேற்றிக் கொடுத்தார். டூலின் கழுத்து ஒரு அளவு, ஹோஸின் முனை வேறு அளவு என்ற தொல்லை இந்தத் தொழிலில் தீராத ஒன்று. ஒன்றரை அங்குலம் என்று இரண்டிலும் எழுதியிருக்கும், இரண்டும் சேராது. அதற்கும் நான் ஆன்லைனில் தேடுவதில்லை. இரண்டையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனால் நடுவில் போட ஒரு துண்டு கடைந்து தந்துவிடுவார்கள். ஊதுகிற இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றி ஓட்டுகிறவர்கள், அந்த இடுக்கில் எவ்வளவு இழுவை வீணாகிறது என்பதைக் காதை வைத்துக் கேட்டால் போதும்.

முழு உலோக டூலா, வாய் மட்டும் கண்ணாடி மாதிரித் தெரிகிற பிளாஸ்டிக் டூலா? நான் தெரிகிற வாயின் கட்சி. உள்ளே ஓடுகிற தண்ணீரின் நிறம் தெரிந்தால்தான் எப்போது நிறுத்துவது என்று தெரியும். கறுப்பாக ஓடி, சாம்பலாகி, தெளிந்து வருவதைப் பார்த்துக்கொண்டே கை நகரும். இன்னொரு லாபம், வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டலாம். "நேத்துத்தானே வாக்கும் பண்ணினேன், இவ்வளவா!" என்பார்கள். அதற்குப் பிறகு கூலியில் பேரம் இருக்காது. ஒரு எச்சரிக்கை உண்டு: அந்தப் பிளாஸ்டிக்கில் அசிட்டோன் பட்டால் புகை படிந்த மாதிரி மங்கி, மெல்ல வெடிப்பு விடும். ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கலந்த கறைநீக்கிகளும் அதற்கு ஆகாது. நெயில் பாலிஷ் கறை எடுத்த கையோடு டூலை அதன் மேல் வைக்க வேண்டாம்.

இப்போது ஜெட், டூலில் தண்ணீரைப் பீய்ச்சுகிற சின்ன முனை. தண்ணீர் வெளியே தெரியும்படி விசிறியாக அடிக்கிற டூல் ஒரு வகை. வாய்க்குள்ளேயே அடித்து, துணியை மெல்லத் தொட்டு, உடனே உள்ளிழுத்துக்கொள்வது இன்னொரு வகை. ஹைட்ராமாஸ்டர் கம்பெனியின் டிரைமாஸ்டர் டூல் இரண்டாவது வகைக்குப் பேர்போனது. விலை அதிகம்தான். வெளி விசிறி வகையில் அழுக்கு அடித்துக் கழுவப்படும், ஆனால் ஓரங்களில் சாரல் தெறிக்கும். பக்கத்தில் தேக்குக் கைப்பிடியோ வால்பேப்பரோ இருந்தால் சங்கடம். முரட்டு பாலியஸ்டர் சீட், கார் சீட், மண்டபத்து நாற்காலி இவற்றுக்கு வெளி விசிறி போதும், சொல்லப்போனால் அதுவே நல்லது. பருத்தி, லினன், விஸ்கோஸ் கலந்த துணிகளுக்கு உள்ஜெட். இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது என்று கேட்பீர்கள். உங்கள் வாடிக்கை எந்தத் தெருவில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரேஸ்கோர்ஸ் பங்களாவும் ஆர்.எஸ்.புரத்துப் பழைய வீடும் என்றால் உள்ஜெட். அபார்ட்மெண்ட் சோபாக்களில் நான் பார்ப்பது பெரும்பாலும் பாலியஸ்டர்தான்.

ஜெட்டின் மேல் பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கும். 9501, 9502, 8001 மாதிரி. அதைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. முதல் இரண்டு இலக்கம் விசிறி விரிகிற கோணம்: 95 டிகிரி, 80 டிகிரி. அடுத்த இரண்டு, 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் நிமிஷத்துக்கு எத்தனை அமெரிக்க காலன் என்பது. 01 என்றால் 0.1 காலன், அதாவது ஏறக்குறைய 380 மில்லி. 02 என்றால் அதன் இரட்டிப்பு, முக்கால் லிட்டர். அழுத்தம் நாலு மடங்கானால் தண்ணீர் இரண்டு மடங்குதான் கூடும் என்பது கணக்கு. எனவே 160 பிஎஸ்ஐ பம்ப்பில் 01 ஜெட்டும் முக்கால் லிட்டர் கொட்டும். அழுத்தமான பம்ப் உள்ள மிஷின் வாங்கிவிட்டு 02 ஜெட்டுள்ள டூலைச் சோபாவுக்குப் பிடித்தால் ஒன்றரை லிட்டர் கொட்டுகிறது என்று அர்த்தம். அதைத் திரும்ப அள்ளும் மோட்டார் அந்தச் சின்ன மிஷினில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஜெட்டை மாற்றுவது ஸ்பேனர் வேலை, செலவும் அதிகமில்லை. டூலையே மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய்து பார்க்கலாம்.

கோயம்புத்தூர்க்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசாமல் ஒரு கட்டுரையை முடிக்க மாட்டோம். நானும் பேசிவிடுகிறேன். சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் ஜெட் அடைக்காது, சோப்பு சுலபமாக அலசும், காய்ந்த துணி மொரமொரவென்று இருக்காது. போர்த் தண்ணீர் வீட்டில் எல்லாம் தலைகீழ். உப்பு படிந்து விசிறியின் ஒரு பக்கம் முதலில் அடைக்கும்; சீட்டில் ஒரு கோடு நனையாமல் போகும், அந்தக் கோடு காய்ந்த பிறகு அழுக்குப் பட்டையாகத் தெரியும். ஜெட்டுக்கு முன்னால் கம்பிவலை ஃபில்டர் இருக்கிற டூலாகப் பார்த்து வாங்கினால் பாதித் தொல்லை குறையும். மீதிக்கு, சிட்ரிக் ஆசிட்டை வெந்நீரில் கரைத்து ஜெட்டை ராத்திரி ஊறப் போட்டுவிடுவேன். ஊசியை விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை ஓட்டை பெரிதானால் விசிறி கெட்டுவிடும்.

டிரிகரைப் பற்றி ஒரு வார்த்தை. விட்டவுடன் தண்ணீர் சட்டென்று நிற்க வேண்டும். விட்ட பிறகும் இரண்டு சொட்டு விழுகிற வால்வு, சோபாவில் இழுப்பு முடிகிற இடத்திலெல்லாம் ஒரு ஈரப் பொட்டு வைக்கும். கடையில் ஹோஸை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள், காட்ட மாட்டேன் என்றால் அடுத்த கடை. என்னோடு வேலை செய்கிற தம்பிக்கு இடதுகைப் பழக்கம். பக்கவாட்டில் சாய்ந்த பிடியுள்ள டூல் அவனுக்கு ஒத்துவரவில்லை, மணிக்கட்டு வீங்கிவிட்டது. நேர்ப்பிடி டூல் தனியாக வாங்கிக் கொடுத்தேன். ஒரு நாளில் ஒரு சோபாவுக்கு எத்தனை நூறு இழுப்பு இழுக்கிறோம் என்று யோசித்தால் டூலின் எடையும் பிடியும் சின்ன விஷயமில்லை. ஸ்டீல் டூல் ஆயுளுக்கும் வரும் என்பார்கள். உங்கள் தோள்பட்டையும் வர வேண்டும் அல்லவா.

பிரஷ் விஷயத்தில்தான் ஆட்கள் அதிகம் கெடுக்கிறார்கள். டிரில் மிஷினில் மாட்டுகிற பிரஷ் ஒன்று யூடியூப் தயவில் எல்லார் பையிலும் இருக்கிறது. முரட்டு கார் மேட்டுக்கும் கார்ப்பெட் டைலுக்கும் அது சரி. வெல்வெட்டின் மேல் அதை வைக்கிறவரை நான் வீட்டுக்குள் விடமாட்டேன். சுற்றுகிற சூட்டிலும் வேகத்திலும் பாலியஸ்டர் வெல்வெட்டின் மயிர் வட்டமாகப் படிந்துவிடும். பிறகு சீவினாலும் ஆவி காட்டினாலும் பழைய சாய்வுக்கு வராது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிற சாயங்கால நேரத்தில் சோபா முழுக்க வட்டம் வட்டமாகத் தெரியும்.

என் பையில் இருக்கிற முதல் பிரஷ் குதிரைமயிர். வெல்வெட், செனில், லினன் எல்லாவற்றுக்கும் அதுதான். இதற்கென்று தனியாக விற்பது விலை கூடுதல். செருப்புக் கடையில் பாலிஷ் போடுவதற்கு விற்கிற குதிரைமயிர் பிரஷும் அதே வேலையைச் செய்யும். வாங்கும்போது கறுப்பு வேண்டாம், பழுப்பு நிறத்தில் பாருங்கள், சாயம் போட்ட மயிர் சோப்புத் தண்ணீரில் கசியலாம். வீட்டுக்கு வந்து வெள்ளைத் துண்டில் ஈரமாகத் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு எடுக்க வேண்டும். அடுத்து, மென்மையான நைலான் பிரஷ் ஒன்று, நாற்காலி, மண்டபம் வகைக்கு. மெக்சிகோவில் விளைகிற ஒரு கற்றாழையின் நாரில் செய்த டாம்பிகோ பிரஷ் என்று ஒன்று உண்டு. கிடைத்தால் வாங்குங்கள், இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. நம் தேங்காய்நார் பிரஷ் சோபாவுக்கு வேண்டவே வேண்டாம். அது தரைக்குப் பிறந்தது.

மஞ்சள்தூள் கறைக்கென்று ஒரு சின்ன பிரஷைத் தனியாக, பிடியில் சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். சோபா கிளீனிங் சோப்புகள் பல காரத்தன்மை உள்ளவை. சாம்பார் சிந்திய இடத்தில் அதை அடித்தால் மஞ்சள் கறை பளீரென்று சிவப்பாகும். வீட்டுக்காரர் பதறிவிடுவார். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைக்கிற அதே சங்கதிதான் அங்கே நடக்கிறது, வேறொன்றுமில்லை. சிட்ரிக் ஆசிட் கரைசலை மெல்லத் தெளித்தால் மறுபடி மஞ்சளாகும், பிறகு அதை வெயிலும் பொறுமையும் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த பிரஷைக் கழுவாமல் அடுத்த சீட்டுக்குக் கொண்டுபோனால் கறையையும் கூடவே கொண்டுபோவீர்கள். தலை சாய்க்கிற இடத்துத் தேங்காயெண்ணெய்ப் படலத்துக்கும் இதே மாதிரித் தனித் துண்டு வேண்டும். எண்ணெய் இடம் மாறுமே தவிர, லேசில் ஊரைவிட்டுப் போகாது.

எந்தத் துணிக்கு எந்த டூல் என்பதற்கு முதலில் துணி என்னவென்று தெரிய வேண்டும். வெளிநாட்டு சோபாக்களில் அடியில் ஒரு சீட்டு தைத்திருக்கும். டபிள்யூ என்றால் தண்ணீர் ஆகும், எஸ் என்றால் தண்ணீர் இல்லாத சால்வெண்ட் மட்டும், இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டும் ஆகும், எக்ஸ் என்றால் வெறும் வாக்கும். நம் ஊரில் தச்சரை வீட்டுக்கு வரவழைத்துச் செய்கிற சோபாவில் சீட்டுக்கு எங்கே போக? அங்கே அப்பாவின் படிப்புதான் கைகொடுக்கும். அவர் மில்லில் ஸ்பின்னிங் பிரிவில் இருந்தவர். ஜிப்புக்கு உள்பக்கத் தையலில் ஒரு நூலை எடுத்துத் தீக்குச்சி காட்டுவார். காகிதம் எரிகிற வாசனையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி அல்லது விஸ்கோஸ். சுருண்டு உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பாலியஸ்டர். முடி கருகுகிற வாசனை வந்து, தீயை எடுத்ததும் தானே அணைந்தால் கம்பளி அல்லது பட்டு. பருத்தியையும் விஸ்கோஸையும் தீ பிரித்துக் காட்டாது. நூலை நனைத்து இழுத்துப் பார்க்க வேண்டும். ஈரத்தில் பொசுக்கென்று அறுந்தால் விஸ்கோஸ், பருத்தி அப்படி விட்டுக்கொடுக்காது. இந்தச் சோதனைக்கு வேண்டிய சாமான் ஒரு தீப்பெட்டி, ஒரு சின்ன இடுக்கி. என் டூல் பையில் அவையும் டூல்தான். செய்வதற்கு முன் வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுங்கள். சோபா கழுவ வந்தவன் தீப்பெட்டி எடுத்தால் யாருக்கும் பக்கென்று இருக்கும்.

கலப்பில்லாத முழு விஸ்கோஸ் என்று தெரிந்தால் டூலை மிஷினிலேயே மாட்டமாட்டேன். வெள்ளைத் துண்டு, பிழிந்த மைக்ரோஃபைபர் கையுறை, அவ்வளவுதான்.

கார்ப்பெட் பக்கம் வந்தால் நின்றுகொண்டு இழுக்கிற வேண்ட், அதாவது நீளப் பிடி வைத்த டூல் வேண்டும். அமெரிக்க வீடியோக்களில் வேனுக்குள் எஞ்சின் வைத்து, 12, 14 அங்குல வேண்டை இழுப்பார்கள். அந்த அகலத்துக்கு அந்த எஞ்சின் இருக்கிறது. நம்மிடம் இருப்பது வீட்டு பிளக்கில் ஓடுகிற ஒற்றை மோட்டார். பத்து அங்குலத்தைத் தாண்ட வேண்டாம். வேண்டின் உதட்டில் மாட்டுகிற டெஃப்ளான் கிளைடு என்று ஒரு துண்டு வருகிறது. உலோகம் நேராக உரசாமல் கார்ப்பெட் மேல் வழுக்கிக்கொண்டு போகும், முதுகுக்கும் நல்லது, கார்ப்பெட்டுக்கும் நல்லது. வேண்டை வாங்கும்போதே அதற்குக் கிளைடு கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் எல்லா விரிப்புக்கும் வேண்ட் இல்லை. உத்தரப் பிரதேசத்துப் பதோஹி பக்கமிருந்து வருகிற கைடஃப்டட், அதாவது துணியில் நூலைக் குத்திச் செய்கிற கார்ப்பெட்டைத் திருப்பிப் பாருங்கள், பின்னால் ஒரு துணி ஒட்டியிருக்கும். அதற்கும் மேல் மயிருக்கும் நடுவில் லேடக்ஸ் பசை. தண்ணீர் கூடினால் பசை விடும், நாற்றமும் எடுக்கும். அதற்கு வேண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு உள்ஜெட் சோபா டூலையே மண்டிபோட்டு இழுப்பேன். நேரம் மூன்று மடங்கு, கூலியும் அதற்குத் தக்கபடி. கையால் முடிச்சுப் போட்ட கம்பளிக் கார்ப்பெட் என்றால் பின்னாலும் பூவேலை தெளிவாகத் தெரியும். அதை வீட்டில் தொடுவதேயில்லை, வெயிலும் காற்றும் உள்ள இடத்துக்கு எடுத்துவந்து, தூசு தட்டி, முழுசாக அலசி உலர்த்துவேன். பவானி ஜமக்காளத்தைக் கொண்டுவந்து 'இதையும் மிஷின் போட்டுக் கொடுங்க' என்கிறவர்கள் உண்டு. பட்டை பட்டையாக அழுத்தமான நிறம், சாயம் கசியுமா என்று ஓரத்தில் ஈர வெள்ளைத் துண்டை அழுத்திப் பார்க்காமல் அதில் எதையும் இழுக்கக் கூடாது. பெரும்பாலும், தட்டி உதறி, நிழலில் போடுங்க அம்மா என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

மற்றச் சில்லறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளைத் துண்டுகள் நிறைய. கலர்த் துண்டு ஒன்றுகூட வேண்டாம், சாயம் கசிந்தால் யாருடையது என்று தெரியாது. காய்ந்த சூயிங்கம், மெழுகு சுரண்ட முனை மழுங்கிய பிளாஸ்டிக் ஸ்பேச்சுலா. நாய், பூனை முடிக்கு ரப்பர் பட்டை. வாக்கும் தோற்கிற இடத்தில் அது ஜெயிக்கும். பக்கவாட்டில் பிடித்துப் பார்க்க ஒரு டார்ச். அமிலமா காரமா என்று காட்டுகிற பிஎச் காகிதம், முக்கியமாகக் கம்பளிக்கு. தண்ணீர் தொடுவதற்கு முன்னால் உலர்ந்த தூசியை இழுக்க நீள மூக்கு வாக்கும் நாஸில், இதை விட்டால் மீதி எல்லாம் சேறு குழைக்கிற வேலை. கிளீன் செய்த கார்ப்பெட்டில் மேஜையைத் திரும்ப வைக்கும்போது கால்களுக்கு அடியில் செருகப் பிளாஸ்டிக் துண்டுகள், இல்லாவிட்டால் மரச்சாயமும் துருவும் ஈரத்தில் இறங்கும். காற்றடிக்க ஒரு ஏர் மூவர். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அந்த வேலையைச் சும்மா செய்து கொடுக்கும், ஜன்னலைத் திறந்தால் போதும். ஐப்பசி மழையில் ஏர் மூவர் இல்லாமல் சோபா வேலை ஒத்துக்கொள்ளாதீர்கள்.

கையில் பணம் குறைவு என்றால்? நல்ல உள்ஜெட் டூல் ஒன்று, குதிரைமயிர் பிரஷ் ஒன்று, துண்டுகள். மிஷின் இரண்டாங்கை போதும், மோட்டார் கார்பனும் ஹோஸும் மட்டும் சரியாக இருந்தால். எங்கள் ஊரிலேயே ரூட்ஸ் மாதிரி கிளீனிங் மிஷின் செய்கிற கம்பெனி இருப்பதால் சர்வீஸ் தெரிந்த மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. டூல் வாங்கும்போது அதன் ஓ-ரிங் இரண்டு செட் சேர்த்து வாங்கிவிடுங்கள். அந்தக் காலணா ரப்பர் ஞாயிற்றுக்கிழமை மதியம்தான் அறும்.

எனக்கு இன்னும் சரியான டூல் அமையாத இடம் தியேட்டர் சீட். மடங்கி எழும்புகிற சீட்டுக்கும் முதுகுக்கும் நடுவில் உள்ள இடுக்கில்தான் பாப்கார்னும் கோலாவும் போய்ச் சேரும். நாலு அங்குல வாய் அங்கே நுழையாது. கார் சீட்டுக்கான இடுக்கு நாஸில் நுழையும், ஆனால் அதில் ஜெட் இல்லை. கணபதியில் ஒரு பட்டறையில் 60 மில்லிமீட்டர் அகலத்தில், கழுத்து வளைத்து, 9501 ஜெட்டை உள்ளே வைத்து ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறேன். முதலில் செய்து கொடுத்ததில் உள்பக்க வெல்டிங் மேடு காற்றைத் தடுத்தது, தண்ணீர் பாதி வழியில் நின்று கொப்பளித்தது. மேட்டைத் தேய்த்துவிட்டு வெள்ளிக்கிழமை தருகிறேன் என்றிருக்கிறார் மேஸ்திரி. எடை மிஷினும் பழைய குஷனும் தயாராக இருக்கின்றன.